முன்வாசலும் பின்வாசலும்

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடைகளின் முன்வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். பித்தளை விளக்கு, ஓடாத சுவர்க்கடிகாரம், சாயம் போன மரக்குதிரை, தெருக்கோடியில் 1568-ல் கட்டிய பரதேசி யூதக் கோயில், ஒரு போட்டோ, அவ்வளவுதான். கிழக்குச் சாரியில் இருக்கும் பெரிய கடை ஏதாவது ஒன்றில் நுழைந்து, சாமான்களைப் பார்க்காமல் நேராக உள்ளே நடந்துகொண்டே இருந்தால் வேறொரு காட்சி கிடைக்கும். கூடம், அதன் பின்னால் இன்னொரு கூடம், ஒரு முற்றம், கடைசியில் காயல். படிக்கட்டு தண்ணீரில் இறங்கும். மலையாளத்தில் பாண்டிகசாலை என்பார்கள். நம் பண்டகசாலைதான் அது. மிளகும் சுக்கும் பின்வாசலில் வள்ளத்தில் வந்து இறங்கும், முன்வாசலில் வண்டியேறும். பசார் ரோடு நெடுகிலும் இதே அமைப்புதான்.

இப்படிப்பட்ட ஒரு கிடங்கில் போக்குவரத்தை நிறுத்த வேண்டுமானால் தெருப்பக்கக் கதவைப் பூட்டினால் மட்டும் போதாது. காயல் பக்கம் திறந்திருக்கும் வரை வள்ளம் வந்துகொண்டுதான் இருக்கும். கல்லீரலுக்குள் ஒழுகும் ரத்தக்குழாயை அறுவை செய்யாமல் உள்ளிருந்தே அடைக்கிற டாக்டர்களும் இதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். ஃப்ரண்ட் டோர், பேக் டோர் என்பது அவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல். இரண்டையும் அடைத்தாயிற்றா என்பதுதான் சிகிச்சை மேஜையில் அவர்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி.

பித்தக்குழாய்க்குள் ரத்தம் கொட்டுவது அடிக்கடி வரும் வியாதி இல்லை. வந்தால் பல வீடுகளில் யாருக்கும் பிடிபடுவதில்லை. பிடிபட்ட பிறகும், "ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கப் போகிறோம்" என்று டாக்டர் சொல்லும்போது குடும்பம் மிரண்டுபோகிறது. அந்த மிரட்சி நியாயமானது, பதிலும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். இந்த நோயை மருத்துவர்கள் ஹீமோபிலியா என்கிறார்கள். ரத்தம் உறையாத பரம்பரை நோய் ஒன்று உண்டே, அதையும் நாம் ஹீமோபிலியா என்றுதான் எழுதுகிறோம். இரண்டும் வேறு வேறு. முதலாவதில் வருவது பித்தத்தைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் நடுவில் வேறு வேறு எழுத்து வருவதால் பிரித்தறிய முடியும். மலையாளத்திலும் பகர வரிசையில் நான்கு எழுத்து இருப்பதால் தப்பித்துக்கொள்வார்கள். நம்முடைய ஒற்றைப் ‘ப’ இரண்டு ஒலியையும் தாங்கிக்கொள்கிறது. டாக்டர் சொன்ன பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து போனில் தமிழில் தட்டினால், வருவதெல்லாம் இன்னொரு வியாதி. "எங்க பரம்பரையில யாருக்கும் இது இல்லையே" என்று வீட்டில் ஒரு விசாரணையே நடக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பித்தவழி ரத்தப்போக்கு என்றே எழுதுகிறேன்.

ஓர் ஆளை நினைத்துக்கொள்வோம். தெற்கத்திச் சீமையிலிருந்து முப்பது வருடத்துக்கு முன் மட்டாஞ்சேரிக்கு வந்து, மசாலாச் சரக்குத் தரகு பார்க்கும் ஒருவர். தெருவில் எல்லாருக்கும் அண்ணாச்சி. பித்தப்பையில் கல் இருக்கிறது என்று லேப்ராஸ்கோபியில் பையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்துப் பிடித்து வலி. காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. சத்து மாத்திரையால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். வலி தானாக அடங்கியது. நான்கு நாள் கழித்து மறுபடி வலி. இந்தத் தடவை கண் லேசாக மஞ்சள். "காமாலை, கீழாநெல்லி குடுங்க" என்றது பக்கத்து வீடு. ஆறாம் நாள் அண்ணாச்சி கழிப்பறையில் மயங்கி விழுந்தார்.

இவர் கற்பனை ஆள்தான். ஆனால் வலி, கறுப்பு மலம், மஞ்சள் கண், நடுவே இரண்டொரு நாள் சுகம் என்ற இந்த வரிசை இந்த நோயின் சொந்தக் கையெழுத்து. 1871-ல் ஹைன்ரிக் குவின்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் முதல் மூன்றையும் சேர்த்து எழுதிவைத்தார். இன்றும் குவின்கேயின் மும்மை என்றுதான் மாணவர்கள் படிக்கிறார்கள். ஒரு சங்கடம்: மூன்றும் சேர்ந்து வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு நோயாளிக்குத்தான், சில கணக்குகளில் அதைவிடக் குறைவு. மற்றவர்களுக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் வரும். மூன்றும் வரட்டும் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார்.

ரத்தம் விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் இருக்கிறது. பித்தக்குழாய் குறுகலானது. அதற்குள் ரத்தம் ஒழுகினால் கொஞ்ச நேரத்தில் உறைந்து குழாயின் வடிவத்திலேயே கட்டியாகிவிடும். அந்தக் கட்டி ஒழுகலைத் தற்காலிகமாக நிறுத்தும், கூடவே பித்தம் இறங்கும் வழியையும் மறிக்கும். பித்தம் தேங்கினால் வலி, தேக்கம் நீண்டால் காமாலை. பிறகு கட்டி கரைந்தோ நழுவியோ குடலுக்குள் விழும். வலி குறையும், மஞ்சள் தெளியும், நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார். அடைப்பு போன இடத்தில் ஒழுகல் மறுபடி திறந்துகொள்ளும். வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கும் நாள்தான் இந்த நோயில் ஆபத்தான நாள். ரத்தம் வெகு வேகமாகக் கொட்டினால் உறைய நேரமே இராது. அப்போது காமாலை வராமலே ரத்த வாந்தி வரும்.

இந்த நோயை முதன்முதலில் எழுதியவர் என்று சொல்லப்படுகிறவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிளிசன். 1654-ல் ஈரலின் உடற்கூறு பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். டச்சுக்காரர்கள் கொச்சியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடிப்பதற்கு ஒன்பது வருடம் முன்பு. வாள்சண்டையில் வயிற்றின் வலது மேற்பக்கம் குத்துப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். காயம் வெளியே சாதாரணமாகத்தான் இருந்தது. சில நாளில் வாய்வழியும் மலவழியும் ரத்தம் போய் அவன் இறந்தான். திறந்து பார்த்தபோது காயம் ஈரலில் இருந்தது. குடலில் குத்தே படாதவனுக்குக் குடல்வழியாக ரத்தம் வந்தது எப்படி என்று யோசித்தவர், பித்தக்குழாய் வழியே வந்திருக்க வேண்டும் என்று கண்டுகொண்டார்.

அதே கிளிசனின் பெயர் இன்னொரு காரியத்துக்காகவும் நிலைத்திருக்கிறது, நம் விஷயத்துக்கு அதுதான் திறவுகோல். ஈரலுக்குள் மூன்று குழாய்கள் எங்கும் சேர்ந்தே போகின்றன. ஒன்று சுத்த ரத்தம் கொண்டுவரும் தமனி. இரண்டாவது குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை. மூன்றாவது பித்தத்தை வெளியே கொண்டுபோகும் பித்தக்குழாய். மூன்றும் ஒரே உறைக்குள், ஒரே பாயில் சுருட்டியது போல இருக்கின்றன. அந்த உறைக்குக் கிளிசன் உறை என்றே பெயர். ஈரலின் எந்த மூலையில் ஊசி குத்தினாலும் இந்த மூவரில் இருவர் மேல் பட வாய்ப்பு உண்டு. தமனியும் பித்தக்குழாயும் ஒரே குத்தில் ஓட்டையானால், அழுத்தம் அதிகமுள்ள தமனியிலிருந்து அழுத்தம் குறைந்த பித்தக்குழாய்க்கு ரத்தம் பாயும்.

கிளிசன் காலத்தில் குத்தியது வாள். இப்போது பெரும்பாலும் குத்துவது நாமேதான். விபத்தில் ஈரல் கிழிபடுவது இன்றும் உண்டு. கட்டிகள், ரத்தக்குழாய் வீக்கம், கல் அரித்த புண் இவற்றாலும் வரும். ஒரு காலத்தில் குடற்புழு பித்தக்குழாய்க்குள் ஏறியும் ரத்தம் வந்திருக்கிறது. ஆனால் இன்றைய தொகுப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவச் செயல்முறைகளின் பின்விளைவுதான்: ஈரலில் ஊசி வைத்துச் சதை எடுப்பது, அடைபட்ட பித்தத்தைத் தோல்வழியாகக் குழாய் வைத்து வடிப்பது, பித்தப்பையை எடுப்பது. இதைப் படித்துவிட்டு யாரும் பயாப்சிக்கோ பித்தப்பை அறுவைக்கோ பயப்பட வேண்டாம். பயாப்சிக்குப் பிறகு இது வருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உட்வாடியா 1990-ல் இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோபிப் பித்தப்பை அறுவையைச் செய்தார். இன்று மாவட்டத் தலைநகரங்களில்கூட அது அன்றாட வேலை. எண்ணிக்கை பெருகும்போது அபூர்வமும் எங்காவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டத்தான் செய்யும்.

பித்தப்பையை எடுக்கும் இடத்தை ஒட்டியே ஈரலின் வலது தமனி ஓடுகிறது. கிளிப் போடும்போதோ சூட்டுக்கோலால் ரத்தத்தை நிறுத்தும்போதோ அதன் சுவரில் ஒரு சின்னச் சூடு பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சுவர் மெல்ல நைந்து, நாட்கள் கழித்து ஒரு புள்ளியில் விட்டுக்கொடுக்கும். வெளியே வரும் ரத்தத்தைச் சுற்றியுள்ள திசு பிடித்துவைத்துக்கொள்ளும். பார்வைக்கு ஒரு குமிழி. அதற்கு ரத்தக்குழாயின் சொந்தச் சுவர் கிடையாது, உறைந்த ரத்தமும் திசுவும்தான் வேலி. இதைப் போலிக் குருதிநாள வீக்கம் என்று புத்தகத் தமிழில் சொல்லலாம். வார்டில் எல்லாரும் சொல்வது சூடோ அனூரிசம். அந்த வேலி பக்கத்துப் பித்தக்குழாய் பக்கம் உடைந்தால் அண்ணாச்சியின் கதை. அறுவை முடிந்து வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து இது வெளிப்படுவதால்தான் குடும்பமும் சில டாக்டர்களும் இரண்டையும் முடிச்சுப் போட மறந்துவிடுகிறார்கள்.

மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் முதலில் ரத்தமும் உப்புநீரும் ஏற்றுவார்கள். அடுத்து எண்டோஸ்கோபி. கறுப்பு மலம் என்றால் வயிற்றுப்புண் என்பதுதான் எல்லாருக்கும் முதல் யோசனை, அதில் தவறில்லை. பித்தக்குழாய் சிறுகுடலில் திறக்கும் இடத்தில் ரத்தம் சொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. அன்றைக்கு ஒழுகல் நின்றிருந்தால் "வயிறு சுத்தமாக இருக்கிறது" என்று அறிக்கை வரும். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினால் கதை இன்னொரு சுற்று ஓடும். பழைய அறுவையைப் பற்றி யாராவது ஒருவர் வாய்திறந்து சொன்னால், அடுத்த படி ரத்தக்குழாய்களை மருந்து செலுத்திப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ. குமிழி அதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

இனி அண்ணாச்சியின் மகள் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"டாக்டர், ஈரலுக்குப் போற ரத்தக்குழாயையே அடைச்சிட்டா, அப்பாவுக்கு ஈரல் செத்துப் போயிடாதா?"

கையிலோ காலிலோ தமனியை அடைத்தால் அந்தப் பகுதி கறுத்துவிடும். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. அவள் கேட்டது அந்த அறிவிலிருந்துதான். ஈரலுக்கு மட்டும் இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. அதற்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, தமனி கொண்டுவருவது கால் பங்குதான். ஆக்சிஜன் கணக்கில் இருவரும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. ஆகவே தமனியின் ஒரு கிளையை அடைத்தாலும் அந்தப் பகுதி ஈரல் செல்களுக்குச் சிரை சோறு போட்டுக்கொண்டே இருக்கும். ஈரல் புற்றுநோய்க்குத் தமனி வழியாக மருந்து செலுத்தி அடைக்கிற சிகிச்சையும் இந்தச் சலுகையை நம்பித்தான் நடக்கிறது. அங்கே கட்டி தமனியையே நம்பி வாழ்கிறது, ஈரல் இரண்டையும் நம்பி வாழ்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் அரைகுறையாகிவிடும். ஈரல் செல்களுக்கு இரண்டு வழி இருந்தாலும் பித்தக்குழாயின் சுவருக்கு ஒரே வழிதான், அது தமனி. கண்டபடி பெரிய பரப்பை அடைத்தால் பித்தக்குழாய் சுருங்கிப்போகலாம், ஈரலில் சீழ் கட்டலாம். அதனால் அடைக்கும் இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. போர்ட்டல் சிரையே ரத்தம் உறைந்து அடைபட்டிருந்தால் சலுகை ரத்து. மாற்று ஈரல் பொருத்தியவருக்கும் கணக்கு வேறு, அந்த ஈரலின் பித்தக்குழாய்கள் தமனியையே முழுக்க நம்பியிருக்கின்றன. இவர்களுக்கு முடிந்தால் குழாயை அடைக்காமல், உறை போட்ட ஸ்டென்ட்டை உள்ளே விரித்து ஓட்டையை மட்டும் மூடப் பார்ப்பார்கள். சிகிச்சைக்கு முன் ஸ்கேனில் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பது இதனால்தான். குடும்பத்தார் தயங்காமல் கேட்டுக்கொள்ளலாம்: "சிரை நல்லா இருக்கா டாக்டர்?"

சிகிச்சை நடக்கும் அறை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்காது. கேத்லாப் என்பார்கள். மேஜை, அதன் மேல் வில் போல வளைந்த எக்ஸ்ரே எந்திரம், எதிரே பெரிய திரை. ஈயக் கவசம் போட்டவர்கள் சுற்றி நிற்பார்கள். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, சில இடங்களில் மணிக்கட்டில். அங்கே துடிக்கும் தமனியில் ஒரு ஊசி இறங்கும். ஊசிக்குள் மெல்லிய கம்பி போகும். ஊசியை உருவிவிட்டுக் கம்பியை மட்டும் விட்டுவைப்பார்கள், கம்பியின் மேல் குழாயை ஏற்றுவார்கள். இவ்வளவுதான் தந்திரம். 1953-ல் ஸ்வென் செல்டிங்கர் என்ற ஸ்வீடன் மருத்துவர் இதை எழுதிவைக்கும் முன், பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழைய வேண்டுமானால் பெரும்பாலும் கத்தி வைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பித்தவழி ரத்தப்போக்குக்கு 1948-ல் இன்றைய பெயரைச் சூட்டிய பிலிப் சாண்ட்ப்ளோமும் ஸ்வீடன்காரர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் வெண்கலம் வாங்கியவர். இந்தக் கதையில் தண்ணீரும் படகும் விட்டுப்போகாது போலிருக்கிறது.

குழாயின் பருமன் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. வயிற்றுப் பெருந்தமனிக்கு ஏறி, ஈரலுக்குப் பிரியும் கிளைக்குள் திரும்ப வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளை பிரிவதில்லை. பத்தில் ஒருவருக்கோ கொஞ்சம் கூடுதலாகவோ வலது ஈரல் தமனி குடலுக்குப் போகும் தமனியிலிருந்து பிரிந்து வரும். ஒரு வழியில் பார்த்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினால் ஏமாற்றம்தான். அனுபவசாலிகள் இரண்டு வழியையும் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தும்போது நோயாளிக்கு உடம்பெல்லாம் வெந்நீர் பாய்ந்தது போல இருக்கும். "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்பார்கள். திரையில் எலும்பு மறைந்து, இலையுதிர்ந்த மரம் போலக் கறுப்பாக ரத்தக்குழாய்கள் மட்டும் தெரியும். கிளை ஒன்றின் ஓரத்தில் திராட்சை போல ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து மை கசிந்தது போல ஒரு கோடு பக்கத்துக் குழாய்க்குள் இறங்கினால் ஓட்டை அங்கே. சில சமயம் எதுவும் தெரியாது. பித்தம் வடிக்க முன்பே வைத்த குழாயே ஓட்டையை அமுக்கிக்கொண்டு நிற்கும். அப்போது கம்பியை மட்டும் உள்ளே விட்டுக் குழாயைப் பின்னிழுத்துப் பார்ப்பார்கள், ஓட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய குழாய்க்குள்ளே 1 மில்லிமீட்டருக்கும் மெல்லிய இன்னொரு குழாய் புறப்படும். இங்கேதான் முன்வாசல், பின்வாசல் கணக்கு. ஓட்டைக்கு முன்னால், அதாவது ரத்தம் வரும் பக்கத்தில் அடைத்தால் அன்றைக்கு ஒழுகல் நிற்கும். ஆனால் ஈரலுக்குள் கிளைகள் ஒன்றோடொன்று தொடர்பு வைத்திருக்கின்றன. பக்கத்துக் கிளையிலிருந்து ரத்தம் சுற்றி வந்து, ஓட்டைக்குப் பின்னாலிருந்து தலைகீழாக ஏறி மறுபடி ஒழுக ஆரம்பிக்கும். முன்பக்கம் அடைத்துவிட்டதால் அந்த வழியாக மறுபடி குழாய் விட்டுச் சரிசெய்யவும் முடியாது. தெருக்கதவைப் பூட்டிச் சாவியையும் உள்ளேயே போட்டுவிட்டு வந்த கதை. அதனால் மெல்லிய குழாய் முதலில் ஓட்டையைத் தாண்டி அந்தப்பக்கம் போகும். பின்வாசலை அடைத்துக்கொண்டே பின்வாங்கி, ஓட்டையைக் கடந்து, கடைசியில் முன்வாசலை அடைக்கும். சாண்ட்விச் முறை என்றும் சொல்வார்கள். எனக்கு வாசல் கணக்குதான் பிடித்திருக்கிறது.

எதை வைத்து அடைக்கிறார்கள்? பெரும்பாலும் காயில். பிளாட்டினம் கம்பிச் சுருள், அதில் பொடிப்பொடியாக நூலிழைகள். குழாய்க்குள் நேராக இருக்கும், வெளியே வந்ததும் சுருண்டு பந்தாகும். கம்பி மட்டும் ரத்தத்தை நிறுத்துவதில்லை. நூலில் மாட்டிய ரத்தம் உறைந்துதான் கதவு இறுகும். செசாரே ஜியான்டர்கோவும் கூட்டாளிகளும் இப்படி ஒரு சுருளை வெளியிட்டது 1975-ல். அதற்கு அடுத்த வருடமே, ஈரல் பயாப்சிக்குப் பிறகு கொட்டிய பித்தவழி ரத்தத்தை உள்ளிருந்து அடைத்து நிறுத்திய செய்தி மருத்துவ இதழில் வந்தது. நோயாளிக்கு ரத்தம் உறையும் தன்மையே குறைந்திருந்தால் காயில் ஏமாற்றும். அப்போது பசை. நாம் கடையில் வாங்கும் ஃபெவிக்விக்கின் நெருங்கிய சொந்தம் அது, சயனோஅக்ரிலேட் குடும்பம். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்த திரவத்தோடு கலப்பார்கள். ரத்தம் பட்ட நொடியில் இறுகத் தொடங்குவதால், குழாயை முதலில் சர்க்கரை நீரால் கழுவிக்கொள்வார்கள். சரியான நேரத்தில் குழாயை உருவாவிட்டால் குழாயே ஒட்டிக்கொள்ளும். பசையைக் கையாள்பவரின் முகத்தைப் பார்த்தால் அந்த சில நொடிகளின் கனம் தெரியும். ஜெலாட்டின் பஞ்சு என்று மூன்றாவது ஒன்று உண்டு. சில வாரத்தில் கரைந்துவிடும், அதனால் தனியாக நம்பாமல் துணைக்கு வைத்துக்கொள்வார்கள்.

வெளியாகியிருக்கும் தொகுப்புகளில் ரத்தத்தை நிறுத்துவதில் வெற்றி 80 முதல் 100 சதவீதம் வரை சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் வயிற்றைத் திறந்து தமனியைக் கட்டுவதோ ஈரலில் ஒரு பகுதியை வெட்டுவதோதான் வழி. ரத்தம் இழந்து வெளுத்துப்போன உடம்புக்கு அது பெரிய சோதனை. இப்போது அறுவை கடைசி வழி: அடைக்க முடியாதபோது, அடைத்தும் நிற்காதபோது, பித்தப்பையே அழுகிப்போயிருக்கும்போது.

மேஜையிலிருந்து இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், குத்திய இடம் வீங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் மந்தமான வலியும் வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கும். அடங்காமல் குளிர்காய்ச்சலாக ஏறினால் சீழா என்று தேடுவார்கள். ஓட்டை அடைபட்டாலும் பித்தக்குழாய்க்குள் ஏற்கெனவே உறைந்த கட்டி அங்கேயே கிடக்கும். அதனால் காமாலை குறையாவிட்டால் எண்டோஸ்கோபி வழியாக அதை எடுக்க வேண்டியிருக்கும். குடலில் இறங்கிய பழைய ரத்தம் வெளியேறும் வரை மலம் ஓரிரு நாள் கறுப்பாகத்தான் போகும். இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதி ராத்திரி அலறல் மிச்சம்.

இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. காயலுக்கு அந்தக் கரையில் எறணாகுளத்தில் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்னும் இந்தத் துறைக்குப் பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பெருநகரங்களில் கிடைக்கிறது. கேத்லாப் என்ற பலகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பல இடங்களில் அது இதயத்துக்கு மட்டும் ஓடும் அறை. ஈரலுக்குள் குழாய் விடத் தெரிந்தவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். அவர் இருக்கிறாரா, ராத்திரி கூப்பிட்டால் வருவாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. காப்பீட்டு விஷயத்தில் மட்டாஞ்சேரித் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வீடு இங்கே, அட்டை ஊரில். எந்த மாநிலத்து அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை நல்ல நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

என் மனத்தாங்கல் வேறு ஓர் இடத்தில் இருக்கிறது. சில வருடம் முன்பு என் சித்தப்பாவை ஒரு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஊர் பெயர் வேண்டாம். ஏழு பக்க டிஸ்சார்ஜ் காகிதம். அத்தனையும் ஆங்கிலம், அதிலும் பாதி சுருக்கெழுத்து. சித்திக்குப் புரிந்தது மாத்திரைக்கு எதிரே போட்டிருந்த 1-0-1 மட்டும். எதற்கு உடனே திரும்பி வர வேண்டும் என்பது ஆறாம் பக்கத்தின் அடியில் ஒற்றை வரியாக இருந்ததை நான் கண்டுபிடித்தபோது பத்து நாள் ஆகியிருந்தது. ஜூ டவுனிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எல்லாம் கேட்கும். ஒவ்வொரு கடைக்காரரும் நான்கு மொழியில் விலை சொல்வார். சரக்கு விற்க நான்கு மொழி கற்றுக்கொள்ள முடிகிற ஊரில், உயிர் காக்கும் நான்கு வரியை நோயாளியின் மொழியில் அச்சடிப்பது பெரிய காரியமா? ஈரலிலோ பித்தப்பையிலோ பித்தக்குழாயிலோ கைவைத்த ஒவ்வொருவருக்கும் இது சட்டமாகவே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அந்த வரிகள் இப்படி இருந்தால் போதும்:

"மலம் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலது விலாவுக்குக் கீழே வலி வந்து போனாலோ, நின்றுவிட்டாலும் சரி, அன்றே வாருங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தக் காகிதத்தைக் காட்டி, எந்தத் தேதியில் என்ன செய்தோம் என்பதைச் சொல்லுங்கள்."

அண்ணாச்சிக்கு வருவோம். நான்காம் நாள் வார்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். மகள் செல்போனில் அவருடைய எக்ஸ்ரே படத்தைக் காட்டுகிறாள். விலா எலும்புகளுக்குக் கீழே, நூல்கண்டு அவிழ்ந்து சிக்கிக்கொண்டது போல வெள்ளையாக ஒரு சின்ன முடிச்சு.

"இது உள்ளயே இருக்குமா?"

"ஆமாப்பா, ஆயுசுக்கும் இருக்குமாம். இனிமே எங்க ஸ்கேன் எடுத்தாலும் முன்னாடியே சொல்லிடணும்னாங்க."

அண்ணாச்சி படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிளாட்டினம் என்றால் இன்றைக்கு கிராம் என்ன விலை என்று கேட்கிறார்.